அஃபிலியேட்டுன்னா என்னங்க? தமிழ்ல அதுக்கு தரகுன்னு பேரு

நம்ம டர்பன்ல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்லயே மசாலா அரைச்சு விக்கிறவங்க, காவடிக்கு வேண்டிய பூஜை சாமான பாக்கெட் போட்டு கூரியர்ல அனுப்புறவங்க, தீபாவளி சமயத்துல பஞ்சாபி சூட் இறக்கி விக்கிறவங்கன்னு தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. இவங்க வாட்ஸ்அப்புக்கெல்லாம் கண்டிப்பா ஒரு மெசேஜ் வந்திருக்கும், "உங்க கடைக்கு அஃபிலியேட் ப்ரோகிராம் இருக்கா, இல்லன்னா நாங்க செட் பண்ணித் தரோம், செலவே கிடையாது, சேல்ஸ் நடந்தா மட்டும் காசு குடுங்க"ன்னு. செலவே கிடையாதுங்கற இடத்துலதான் கொஞ்சம் நிக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி அஃபிலியேட்டுங்கற சொல்லைப் பாத்துடுவோம், ஏன்னா இந்தச் சொல்லு ரொம்ப மரியாதையா டிரெஸ் பண்ணிக்கிட்டு வந்து நிக்குது, உள்ள இருக்கிற ஆள் நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள்தான்.

அர்த்தம் சிம்பிள். உங்க பொருளைப் பத்தி ஒருத்தர் தன் பக்கத்துல எழுதுறாரு இல்ல வீடியோ போடுறாரு, கீழ ஒரு லிங்க் குடுக்குறாரு, அந்த லிங்க்ல அவர் அடையாள நம்பர் இருக்கும், அதை அமுக்கி உங்க கடைக்கு வர்றவங்க பிரவுசர்ல குக்கின்னு ஒரு சின்ன அடையாளக் குறிப்பு உக்காந்துக்கும், அந்த குக்கி காலாவதி ஆகுறதுக்குள்ள அவங்க வாங்கிட்டா விலையில இத்தனை சதவீதம்னு அவருக்குப் போகும். அவ்வளவுதான்.

சொல்லோட பூர்வீகம்தான் வேடிக்கை. லத்தீன்ல ஃபிலியஸ்னா மகன். அதோட 'அட்'டுங்கற முன்னொட்டு சேந்து அஃபிலியாரேன்னு ஆச்சு, மகனா ஏத்துக்கிறதுன்னு அர்த்தம், நம்ம ஊர்ல சொல்ற மாதிரி தத்து எடுக்கிறது, சுவீகாரம். அதுலேருந்து சங்கம், கழகம், கல்லூரின்னு பெரிய அமைப்போட சின்ன அமைப்பு சேந்துக்கிறதுக்கெல்லாம் இந்தச் சொல்லு வந்துச்சு, கடைசியா கடைக்காரங்க கையில மாட்டிக்கிச்சு. அதாவது அஃபிலியேட்டுன்னா வேர்ப்படி தத்துப்பிள்ளை. ஆனா எந்த அப்பன் "முன்னறிவிப்பு இல்லாம எப்ப வேணா உன்ன நீக்குவேன், உன் பங்கை எப்ப வேணா குறைப்பேன்"னு பத்திரம் எழுதித் தத்து எடுப்பான்? அமேசான் 2020 ஏப்ரல்ல, ஊரே லாக்டவுன்ல கிடந்தப்போ, அதை நம்பிப் பொழச்சவங்களோட ஃபர்னிச்சர் கமிஷனை 8 சதவீதத்துலேருந்து 3க்கும், மளிகைக்கு 5லேருந்து 1க்கும் இறக்குச்சு.

நெட்ல இந்த ஏற்பாட்டுக்கு முப்பது வருஷ வயசு. குக்கிய நெட்ஸ்கேப் கம்பெனியில 1994ல உண்டாக்குனாங்க, அதே வருஷம் சிடி விக்கிற சிடிநவ் கடை தன் லிங்க் போடுறவங்களுக்கு பங்கு குடுக்க ஆரம்பிச்சுது, 1996ல அமேசான் தன்னோட அசோசியேட்ஸ் திட்டத்தைக் கொண்டு வந்து ஊரெல்லாம் பரப்பிடுச்சு. நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு அமேசான் கடை 2024 மே மாசம்தான் வந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? மொழிபெயர்ப்பு மெஷின்ல போட்டா "துணை சந்தைப்படுத்தல்"னு வருது, சிலர் "இணைப்புச் சந்தைப்படுத்தல்"னு எழுதுறாங்க, சிலர் "இணைவு". பல்கலைக்கழகத்தோட இணைவு பெற்ற கல்லூரின்னு சொல்ற பழக்கத்துல வந்தது அது, கல்லூரிக்கு சரி. கடைக்கு சரி வராது, ரெண்டு காரணம். இணைப்புன்னா லிங்க்குன்னும் அர்த்தம் ஆயிடுச்சு, அதனால இணைப்புச் சந்தைப்படுத்தல்னா லிங்க் வச்சு விக்கிறதுன்னு படிக்கிறவங்க நெனச்சுப்பாங்க. அதைவிட முக்கியமானது, இந்த மூணு சொல்லுலயும் காசுங்கற விஷயமே இல்ல. யாரு யாருக்கு எதுக்காக பணம் குடுக்குறாங்கன்னு சொல்லே மறைச்சிடுது. இங்கிலீஷ்ல மறைஞ்சத தமிழ்லயும் அப்படியே மறைச்சுக் கொண்டு வந்து என்ன பிரயோஜனம்.

காசு இருக்கிற சொல் நம்மகிட்ட ரெடியா இருக்கு, தரகு. வாங்குறவனையும் விக்கிறவனையும் சேத்து வைக்கிறதுக்கு கிடைக்கிற கூலி. தரகு வாங்குறவர் தரகர். மலையாளத்துலயும் இதே சொல்தான், கேரளாவுல தரகன்னு குடும்பப் பேரே இருக்கு. மாட்டுத் தரகர், நெல்லுத் தரகர், கல்யாணத் தரகர், வீட்டுத் தரகர்னு எல்லா எடத்துலயும் இவங்க உண்டு. ஆனா சொல்லுக்கு ஒரு வாடை ஏறிப் போச்சு, தமிழ்நாட்டுல சர்க்கார் ஆபீஸ் சுவத்துல "இடைத்தரகர்களை நம்பி ஏமாற வேண்டாம்"னு எழுதி வச்சு எழுதி வச்சு, தரகர்னாலே திருடன்ங்கற மாதிரி ஆயிடுச்சு, அதனாலதான் யாரும் தன்னைத் தரகர்னு சொல்லிக்க மாட்டேங்கிறாங்க, பார்ட்னர்ங்கறாங்க, க்ரியேட்டர்ங்கறாங்க.

மாட்டுச் சந்தையில தரகர் வேலை செய்யிறதக் கொஞ்சம் கவனிக்கணும். விலையை வாயால சொல்ல மாட்டாங்க, கையை துண்டால மூடிக்கிட்டு அடியில விரலப் புடிச்சு பேசுவாங்க, ஒரு விரலுக்கு இவ்வளவு, ரெண்டு விரலுக்கு இவ்வளவுன்னு. விக்கிறவர்கிட்ட ஒரு தடவ, வாங்குறவர்கிட்ட ஒரு தடவ. சுத்தி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சில சமயம் அந்த ரெண்டு பேருக்குமே நடுவுல எவ்வளவு நின்னுச்சுன்னு தெரியாது. ஆனா ஒண்ணு, அவர் தரகர்ங்கறது எல்லாருக்கும் தெரியும். விலைதான் துண்டுக்கடியில, ஆள் வெளிச்சத்துல. இப்ப நெட்ல தலைகீழ், விலை எல்லாரும் பாக்க பளிச்சுன்னு இருக்கு, நடுவுல ஒரு தரகர் நிக்கிறாருங்கறதுதான் துண்டுக்கடியில போயிடுச்சு. "நான் ஒரு வருஷமா யூஸ் பண்றேன், என் ஸ்கின் எப்படி ஆயிடுச்சு பாருங்க"ன்னு சொல்ற பொண்ணு தங்கச்சி மாதிரி பேசுறா, பாக்குறவங்களும் தங்கச்சி சொல்றான்னு வாங்குறாங்க.

நம்ம நட்டால்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேருந்து டர்பன் வந்து சேந்துச்சே, அதுக்கப்புறம் 1911 வரைக்கும் லட்சத்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலிகளா வந்தாங்களே, அவங்கள்ல எத்தனையோ பேரை ஊர்ல புடிச்சுக் குடுத்தது தலைக்கு இவ்வளவுன்னு காசு வாங்குன ஆள்பிடிக்கிறவங்கதான். அர்காட்டின்னு சொல்வாங்க. கரும்புத் தோட்டத்துல வேலை எப்படின்னு அவனுக்குக் கவலை இல்ல, கப்பல் ஏறிட்டா அவன் கூலி வந்துடும், அதனால வாய்க்கு வந்த நல்லதெல்லாம் சொன்னான். ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறேன்னு நெனச்சுடாதீங்க, அது மனுஷன் வாழ்க்கை, இது ஒரு ஃபேஸ் க்ரீம். காசு எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் வாய் சாயும்ங்கறது மட்டும்தான் இங்க எடுத்துக்க வேண்டியது.

இப்ப விக்கிறவங்க பக்கம் வருவோம், இதைப் பத்திதான் யாரும் பேசறதில்ல. ஒரு பூஜை பாக்கெட், கற்பூரம் விபூதி சின்ன குத்துவிளக்கு எல்லாம் சேத்து 400 ராண்டுன்னு வச்சுக்கோங்க. சாமானும் பேக்கிங்கும் 250. கூரியர்ல நீங்க ஏத்துக்கிற பங்கு 40. கார்டு மெஷின்காரன் 3 சதவீதம் எடுத்தா 12. மிச்சம் 98 ராண்ட். இதுல அஃபிலியேட் வர்றாரு, தன் ஆளுங்களுக்கு 10 சதவீத டிஸ்கவுண்ட் கோட் வேணும்பாரு, தனக்கு 10 சதவீதம் கமிஷன் வேணும்பாரு. விலை 360 ஆயிடுச்சு, கார்டுக்கு 11, அவருக்கு 36, போக நிக்கிறது 23. நடுவுல ஒரு நெட்வொர்க், அதாவது கடையையும் அஃபிலியேட்டையும் சேத்து வைக்கிற கம்பெனி, வழியா செட் பண்ணியிருந்தா அவங்களும் அந்தக் கமிஷன் தொகை மேல இன்னொரு 30 சதவீதம் போடுறது உண்டு, அது ஒரு 11. கடைசியா கையில 12 ராண்ட். 98 எங்க, 12 எங்க. பத்து சதவீதம்தானேன்னு எல்லாரும் சொல்றாங்க, அது விலையில பத்து சதவீதம், டிஸ்கவுண்டும் கமிஷனும் நெட்வொர்க்கும் சேத்து லாபத்துல பாத்தா முக்காலுக்கு மேல போயிடுச்சு.

புது கஸ்டமர் கிடைச்சா அதுவும் பரவால்லன்னு சொல்லலாம், மறுபடி வந்து வாங்குவாங்க. ஆனா மசாலா விக்கிற ஒரு அக்கா கணக்கைப் பாத்துட்டு கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, இதெல்லாம் எங்கிட்ட வழக்கமா வாங்குறவங்க பேருல்ல, இதுக்கு அவனுக்கு எதுக்கு காசு?" நூத்துல நூறு சரியான கேள்வி. நடக்கிறது என்னன்னா, உங்க கஸ்டமர் உங்க கடைக்கு தானா வந்து, கூடையில சாமானப் போட்டு, காசு கட்டுற பக்கத்துல "கூப்பன் கோட்"னு ஒரு காலிக் கட்டத்தப் பாக்குறாங்க, பாத்த உடனே கை சும்மா இருக்காது, இன்னொரு டேப் தொறந்து உங்க கடைப் பேரும் கூப்பனும்னு தேடுவாங்க, ஒரு கூப்பன் சைட் வரும், அதுல "கோட் பாக்க அமுக்கவும்"னு இருக்கும், அமுக்குன உடனே அந்த கூப்பன் சைட்டோட குக்கி விழுந்துடும். கடைசி கிளிக் யாரோடதோ அவருக்குத்தான் காசுங்கறது பெரும்பாலான ப்ரோகிராம்ல விதி. அந்த கோட் வேலை செஞ்சாலும் செய்யாட்டாலும் தரகு உண்டு. அது மட்டுமா, மூணு வாரம் கஷ்டப்பட்டு உங்க மசாலாவ சமைச்சுக் காட்டி வீடியோ போட்ட புள்ளையோட குக்கி மேல இது ஏறி உக்காந்துக்கும், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் கிடைக்காது.

இதே குற்றச்சாட்டுதான் பிரவுசர்ல உக்காந்து கூப்பன் தேடித் தர்ற ஹனிங்கற எக்ஸ்டென்ஷன் மேல 2024 டிசம்பர்ல பெருசா வெடிச்சுது, பேபால் ஏறக்குறைய 400 கோடி டாலர் குடுத்து வாங்குன கம்பெனி அது, மத்தவங்க லிங்க்க அழிச்சு தன் லிங்க்க வைக்குதுன்னு யூடியூப்காரங்க கேஸ் போட்டாங்க. பேபால் தப்பே இல்லங்குது. அதுக்கும் முன்னாடி ஈபே கதை இருக்கு, யாரும் அமுக்காமலே குக்கிய திணிச்சு கமிஷன் எடுத்த ரெண்டு பெரிய அஃபிலியேட்டுங்க 2014ல அமெரிக்காவுல ஜெயிலுக்கே போனாங்க. ஈபேகிட்ட வக்கீலும் எஃப்பிஐயும் இருந்துச்சு. வீட்டு மாடியில மொளகா காயப் போடுற அக்காவுக்கு யாரு இருக்கா?

நம்ம நாட்டு சட்டம் பாத்தா ஒண்ணும் மோசமில்ல. 2008ஆம் வருஷத்து 68ஆம் நம்பர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, 27ஆம் பிரிவு இடைத்தரகர்கள் தங்களைப் பத்தி சொல்ல வேண்டியத சொல்லணும்குது, 41ஆம் பிரிவு பொய்யா, தப்பர்த்தம் வர்ற மாதிரி பொருளைப் பத்திச் சொல்லக் கூடாதுங்குது. 38ஆம் பிரிவு நிறைய பேருக்கு தெரியாது: "இதை நீ வாங்கு, அப்புறம் உன் சொந்தக்காரங்கள வாங்க வை, வாங்குனா உனக்கு பங்கு"ன்னு ஆசை காட்டி விக்கிறதுக்கே தடை. 43ஆம் பிரிவு பிரமிடு திட்டத்துக்குத் தடை, அதாவது புதுசா சேர்றவங்க காசுலேருந்து முன்னாடி சேந்தவங்களுக்குக் குடுக்குற திட்டம். அஃபிலியேட்டுங்கற மரியாதையான பேருல பிரமிடும் நொழையும், அதனாலதான் இதைச் சொல்றேன், மிரர் ட்ரேடிங் இன்டர்நேஷனல்னு இங்க கிளம்புனது ஆள் சேத்தா பிட்காயின்ல போனஸ்னு சொல்லியே உலகம் பூரா பரவி, கடைசியில கோர்ட்டு அது சட்டவிரோதத் திட்டம்னு தீர்ப்பு சொல்ற வரைக்கும் போச்சு. நிஜ அஃபிலியேட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும், சேர்றதுக்கு நீங்க காசு கட்டணுமா? ஆமான்னா ஓடிடுங்க.

விளம்பரக்காரங்களே வச்சுக்கிட்ட ஏஆர்பிங்கற அமைப்புக்கு 2019லேருந்து சோஷியல் மீடியாவுக்குன்னு தனி விதி இருக்கு, காசோ பொருளோ வாங்கிட்டு போட்ட போஸ்ட்டுன்னா அது விளம்பரம்னு பாத்த உடனே தெரியணும். நம்மாளுங்க என்ன பண்றாங்க, இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவுல பதினெட்டாவதா "ஆட்"னு இங்கிலீஷ்ல ரெண்டே எழுத்து. சட்டத்துக்கு பயந்து போட்டது, படிக்கிறவங்களுக்காக போட்டதில்ல.

அப்ப என் கணக்குல சொல் இப்படி: ஏற்பாட்டுக்கு பரிந்துரைத் தரகு, ஆளுக்கு பரிந்துரைத் தரகர், கிடைக்கிற காசுக்கு தரகுத்தொகை, வாங்குறவங்களுக்குக் குறைக்கிறதுக்கு தள்ளுபடி. முகவர்னு போட்டுடாதீங்க, முகவர்னா உங்க சார்பா பேச அதிகாரம் உள்ளவர், அவர் தப்பா ஒரு வாக்கு குடுத்தா அது உங்க தலையில வந்து விடியும். பங்குதாரர்னும் போடாதீங்க, நஷ்டத்துல பங்கு எடுத்துக்கிறவர்தான் பங்குதாரர். கமிஷன்னே சொன்னாலும் தப்பில்ல, கமிஷன் மண்டின்னு எத்தனையோ தலைமுறையா புழங்குது, எல்லாருக்கும் புரியும், அதுல காசு இருக்குன்னு தெரியும்.

தரகுன்னு பேர் வச்ச உடனே பேரம் பேச வாய் வருது, அது ஒரு சௌகரியம். பார்ட்னர்கிட்ட கேக்க கூச்சப்படுற எல்லாத்தையும் தரகர்கிட்ட கேக்கலாம்: புது கஸ்டமருக்கு மட்டும்தான் தரகு, கூப்பன் சைட்டுக்கு கிடையாது, என் கடைப் பேரையே கூகுள்ல விளம்பரம் போட்டு என் ஆளையே எனக்குக் கொண்டு வந்து விக்கக் கூடாது, பொருள் திரும்பி வந்துட்டா தரகும் திரும்பி வரணும், அதுக்காக முப்பது நாள் கழிச்சுத்தான் காசு. வரி வசூலிக்கிற சார்ஸுக்கு கணக்கு காட்ட ரெண்டு பக்கமும் எழுதி வச்சுக்கணும், வாங்குறவருக்கு அது வருமானம்தான், வரி உண்டு.

வீடியோ போடுறவங்களுக்கு, தமிழ்ல ஒரு வரி போதும், லிங்க்குக்குக் கீழ இல்ல, மேல: "இந்த லிங்க் வழியா நீங்க வாங்குனா கடைக்காரங்க எனக்குத் தரகு தருவாங்க, உங்களுக்கு விலை கூடாது." விலை கூடும்னா அந்தக் கடைசித் துண்டை எடுத்துடுங்க. வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட்டா அனுப்புறவங்க முதல் வாக்கியத்துலயே வாயால சொல்லிடணும், ஆயா தாத்தாவெல்லாம் கேப்ஷன் படிக்க மாட்டாங்க.