நியூட்ரல் கடத்தி: நொதுமலா, நடுநிலையா?

வீட்டுக்கு மின்சாரம் தரும் ஃபேஸ், நியூட்ரல், பாதுகாப்புக்கான எர்த் ஆகிய மூன்று கம்பிகளில் பெயராலேயே ஆபத்தை உண்டாக்குவது நியூட்ரல்தான். "நியூட்ரல் ஷாக் அடிக்காது" என்று நம்பித் தொடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நியூட்ரலின் மூலமான நியூட்டர் என்ற இலத்தீன் சொல்லுக்கு 'இரண்டில் எதுவும் அல்லாதது' என்று பொருள். மின்துறையில் இந்தப் பெயர் ஏன் பொருந்தியது என்பதற்கு 1880களில் எடிசன் மின்சாரம் வழங்கிய மூன்று கம்பி முறை நல்ல சான்று. இரண்டு ஓரக் கம்பிகள், நடுவில் ஒன்று. இருபுறமும் சுமை சமமாக இருந்தால் நடுக்கம்பியில் மின்னோட்டமே இருக்காது.

இன்றைய மும்முனை மின்சாரத்திலும் அப்படித்தான். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று சுருள்களும் சேரும் புள்ளியிலிருந்து நியூட்ரல் கிளம்புகிறது. அந்தப் புள்ளியை அங்கேயே எர்த் செய்துவிடுவதால், அதாவது மண்ணோடு இணைத்துவிடுவதால், அதன் மின்னழுத்தம் பூச்சியத்துக்கு அருகில் நிற்கிறது. ஆனால் ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் ஃபேஸில் 10 ஆம்பியர் வந்தால், நியூட்ரலில் அதே 10 ஆம்பியர் திரும்பிப் போகும். எர்த் கம்பி அப்படியல்ல, பழுது வந்தால்தான் அதற்கு வேலை.

நியூட்ரல் அறுந்தால்? சுவிட்ச் போட்டிருக்கும் பல்பு வழியாக மின்சாரம் வந்து, அறுந்த முனையில் ஃபேஸ் போலவே நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. தெருவில் அறுந்தால் இன்னும் மோசம். சுமை குறைந்த வீடுகளில் 230 வோல்ட் 400 வரை ஏறி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துபோகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கண்டக்டர் என்பதற்குக் கடத்தி நிலைத்துவிட்டது. நியூட்ரலுக்குத் தமிழகப் பாடநூல்கள் நடுநிலை என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் நொதுமல் என்கின்றன. நொதுமல் சங்க காலச் சொல். குறுந்தொகை 12ஆம் பாட்டு, தலைவியின் துயரம் அறியாமல் அயலாரைப் போலப் பேசும் ஊரை அந்தச் சொல்லால்தான் காட்டுகிறது. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்ற மூன்று பகுதியிடத்தும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதே நடுவுநிலைமை என்கிறார். அதாவது நொதுமல் எந்தப் பக்கமும் சேராதது, நடுநிலை எல்லாப் பக்கத்துக்கும் சமமாக நிற்பது. இலத்தீன் மூலத்தோடு அப்படியே பொருந்துவது நொதுமல்தான். நடுநிலை பிழையில்லை, நடுப்புள்ளியிலிருந்து வரும் கம்பிதானே. ஆனால் நீதி, அரசியல் என்று ஏற்கெனவே பல இடங்களில் உழைக்கும் சொல் அது. கலைச்சொல்லாக நொதுமல் கடத்தி என்றே எழுதலாம். வயர்மேனிடம் மட்டும் நியூட்ரல் என்றே சொல்லுங்கள், அங்கே குழப்பம் வரவே கூடாது.