விளையாட்டில் போன பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

சேமிப்புக் கணக்கிலிருந்து பதினொரு முறையாக 23,400 ரூபாய் போயிருந்தது. மகனுக்குப் பதினான்கு வயது. வாளேந்திய வீரனாக அரக்கர்களை வீழ்த்தி, அவை விட்டுச்செல்லும் ஆயுதங்களைச் சேர்க்கும் விளையாட்டு. தாய் வங்கிக் கிளைக்குப் போனார். "எஃப்.ஐ.ஆர். நகலோடு வாருங்கள்" என்றார்கள். காவல் நிலையத்தில், "உங்கள் பையன்தானே வாங்கினான், இதில் குற்றம் எங்கே இருக்கிறது?" என்றார்கள். மீண்டும் வங்கி. இம்முறை, "விளையாட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்." என்னிடம் வந்தபோது ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கூலியும் பஸ் கட்டணமும் அதற்குள் போய்விட்டன. அவர் முதலில் நிரப்பியிருக்க வேண்டிய படிவம் அவர் கையிலிருந்த தொலைபேசியிலேயே இருந்தது. அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இத்தகைய விளையாட்டுகளில் பணம் பெரும்பாலும் மூன்று விதமாகப் போகிறது. வீட்டுப் பிள்ளை உங்கள் தொலைபேசியில் வாங்கிவிடுவது ஒன்று. முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் கார்டையோ கணக்கையோ திருடி வாங்குவது இன்னொன்று. அரிய வாள் ஒன்றை விற்பதாகச் சொன்னவனுக்கு நீங்களே யுபிஐ-யில் பணம் அனுப்பிவிட்டு ஏமாறுவது மூன்றாவது. மூன்றுக்கும் கதவு வேறு, கெடு வேறு. அலுவலகங்களோ மூன்றையும் 'ஆன்லைன் கேம் மோசடி' என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றன. தவறான கதவின் முன்னால் காத்திருக்கும்போது சரியான கதவின் கெடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பணத்தை இழந்தது இப்படித்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுப் பொருளை உண்மையான பணத்துக்கு விற்பதை நிறுவனமே நடத்திப் பார்த்ததுண்டு. 'டயாப்லோ 3' என்ற விளையாட்டு 2012-இல் உண்மைப் பண ஏலக்கூடத்தைத் திறந்தது. விளையாட்டின் சுவையையே அது கெடுக்கிறது என்று 2014 மார்ச் 18 அன்று மூடிவிட்டது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் வீரர்களுக்கு இடையிலான பண வியாபாரத்தைத் தடைசெய்கின்றன. தாங்கள் மட்டும் ரத்தினம், திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பெட்டி, தோற்றத்தை மாற்றும் ஸ்கின் என்று விற்கின்றன. தென்கொரியாவில் பெட்டிக்குள் எது எத்தனை சதவீத வாய்ப்பில் கிடைக்கும் என்பதை வெளியிடுவது 2024 மார்ச் 22 முதல் கட்டாயம். இந்தியாவில் இந்தப் பெட்டிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே இங்கே நமக்கு இருப்பவை வங்கி விதி, நுகர்வோர் சட்டம், குற்றவியல் சட்டம் ஆகியவைதாம்.

பிள்ளை வாங்கியது என்றால் முதல் கதவு வங்கி அல்ல. பணம் எந்த ஆப் கடை வழியாகப் போனதோ அந்தக் கடை. கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்பது எளிது. அதன் பிறகு, விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தினர் தவறுதலாக வாங்கிவிட்டதைச் சொல்லவும் அங்கே வழி உண்டு. ஆப்பிள் தொலைபேசி என்றால் வாங்கிய பட்டியலிலிருந்தே சிக்கலைத் தெரிவிக்கலாம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனி ஆர்டர் எண் இருக்கும். பதினொன்றுக்கும் பதினொரு கோரிக்கை அனுப்புங்கள். ஒரே கோரிக்கையில் 'எல்லாவற்றையும் திருப்பித் தாருங்கள்' என்று எழுதியவர்களுக்கு ஒன்று திரும்பி, மீதி மறக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயத்தில் பலரும் 'கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். வாங்கியது உங்கள் வீட்டுத் தொலைபேசி, உங்கள் வீட்டு வைஃபை என்பது அவர்கள் பதிவில் இருக்கிறது. பொய் என்று தெரிந்ததும் கோரிக்கை முடிந்தது. அதன்பின் உண்மையைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. '14 வயது மகன் என் அனுமதியின்றி வாங்கினான்' என்று வயதோடு எழுதுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் ஒப்பந்தம் உங்களோடுதான் என்று நிறுவனம் வாதிடும். வாதிடட்டும். வயது எழுத்தில் பதிவாகியிருந்தால்தான் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் அதைப் பேச முடியும்.

இன்னொன்று: கடையின் பதில் வருமுன்னே வங்கியிடம் சொல்லிக் கட்டணத்தை மறுத்துத் திரும்ப இழுக்காதீர்கள். அப்படிச் செய்தால் விளையாட்டுக் கணக்கையும் சில நேரம் கடைக் கணக்கையும் பூட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது அந்நியன் திருடியது. இதற்குத்தான் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி. வாடிக்கையாளருக்கு இவ்வளவு சாதகமான விதி வங்கித் துறையில் அரிது. கிளைகளில் இவ்வளவு மறைக்கப்படும் விதியும் அரிது. தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, இடையில் எங்கோ கசிந்தது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000. ஏழு நாளும் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி.

வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. உங்கள் கிளைக்கு விடுமுறையான நாட்களும் சேரா. வெள்ளி இரவு செய்தி வந்து, செவ்வாய் காலை போய் நின்றவரிடம் "ஐந்து நாள் ஆகிவிட்டது" என்று கைவிரித்த கிளையை நான் அறிவேன். சனிக்கிழமை கிளை திறந்திருந்தாலும் அது மூன்றாவது வேலை நாள்தான். அவருக்கு முழுப் பணமும் உரியது. கணக்கிடத் தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்பது எனக்குத் தேவையில்லை, இழந்தவர் அவர்.

கிளை திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 24 மணி நேரமும் புகார் பெற வழி வைத்திருக்க வேண்டும் என்றும், புகாருக்கு உடனே பதிவு எண் தர வேண்டும் என்றும் அதே விதி வங்கிக்குச் சொல்கிறது. எண் இல்லாத புகார் புகாரே அல்ல. 'சார் குறித்துக்கொண்டார்' என்று நம்பித் திரும்பாதீர்கள். தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டுவந்தால்தான் வரவு வைப்போம் என்ற நிபந்தனை அதில் இல்லை. வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே.

ஆகவேதான் வங்கி எழுதித் தரும் ஆங்கிலக் கடிதம் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கிளையில் உதவுவதுபோல ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டுவார்கள். அதில் 'நான் ஓடிபி-யைப் பகிர்ந்துவிட்டேன்' என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் பகிராதபோதும் இருக்கும். அந்த ஒரு வரி நிரூபிக்கும் வேலையை வங்கியின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. கடிதத்தைத் தமிழில் நீங்களே எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உண்மையிலேயே ஓடிபி-யைச் சொல்லிவிட்டீர்கள் என்றாலும் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். புகாருக்கு முன் போனது உங்கள் இழப்பு. புகார் கொடுத்த நிமிடத்துக்குப் பின் போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் இழப்பு.

30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேரே போனால் தள்ளுபடி. வழக்கறிஞர் மூலம் அனுப்பினாலும் தள்ளுபடி. இதற்காகச் செலவு செய்து வழக்கறிஞரைப் பிடித்தவர்கள் அந்தச் செலவையும் இழந்தார்கள். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே குறைதீர்ப்பாளர் முன்னால், நுகர்வோர் ஆணையம் பின்னால். காவல் துறைப் புகார் மட்டும் இதற்குத் தடை அல்ல. தடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது வகைதான் இளைஞர்களைக் கடிப்பது. அரிய ஆயுதம், உயர்ந்த நிலையில் உள்ள கணக்கு, குவியலாக விளையாட்டுத் தங்கம். விலை பேசி, யுபிஐ-யில் அனுப்பியதும் விற்றவன் மறைந்துவிடுகிறான். பணத்தை அனுப்பியது நீங்களே. அதனால் இது 'அனுமதியற்ற பரிவர்த்தனை' ஆகாது. மேலே சொன்ன 2017 விதி உதவாது. வங்கியில் நாளை வீணாக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பணம் மோசடிக்காரன் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகருமுன் நிறுத்தி வைப்பதுதான் இதன் பயன். முதல் சில மணி நேரத்துக்குப் பின் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒப்புகை எண்ணும் பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யுடிஆர் எண்ணும் கையில் இருக்கட்டும். விற்றவனின் விளையாட்டுப் பெயர், உரையாடல், அவன் அனுப்பிய கியூஆர் ஆகியவற்றை அவன் அழிக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிறுத்திய பணம் தானாகத் திரும்பும் என்று எண்ணிவிடாதீர்கள். பல நேரங்களில் நீதிமன்ற உத்தரவு கேட்பார்கள். அந்த மனுவை நீங்கள்தான் தொடங்க வேண்டும்.

"இது எங்கள் எல்லையில் வராது" என்று சொல்லும் நிலையத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். 'நீயே சூதாடிவிட்டு வந்திருக்கிறாய்' என்ற மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டாம். 2025-ஆம் ஆண்டின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பண விளையாட்டை நடத்துபவரையும் விளம்பரப்படுத்துபவரையும் தண்டிக்கிறது, விளையாடியவரைத் தண்டிக்கவில்லை. வாள் தருவதாகச் சொல்லி ஏமாற்றியது மோசடி. வாள் கற்பனை என்பதால் அனுப்பிய ரூபாய் கற்பனையாகிவிடாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வாங்குபவன் திருட்டுப் பணத்தை அனுப்பியிருக்கலாம். பறிகொடுத்தவர் வேறு மாநிலத்தில் புகார் கொடுத்ததும் உங்கள் சேமிப்புக் கணக்கே முடங்கும். 1,800 ரூபாய்க்கு ஒரு கவசத்தை விற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குப் பருவக் கட்டணம் கட்ட முடியாமல் போனது. கிளையில் "சைபர் பிரிவு முடக்கியுள்ளது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எந்த மாநிலக் காவல் துறை, எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முழுக் கணக்கையும் பூட்டாமல் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் உத்தரவிட்டுள்ளன. இதைக் கடிதத்தில் குறிப்பிட்டே கேளுங்கள். விற்றதற்காக விளையாட்டு நிறுவனம் உங்கள் கணக்கைத் தடைசெய்தால் அதை மீட்பது மிகக் கடினம். பொருள் உங்கள் சொத்து அல்ல, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறையில் எழுதியிருக்கும்.

நிறுவனம் விற்ற முறையே தவறு என்றால் அது நுகர்வோர் விவகாரம். ரூபாயை ரத்தினமாக்கி, ரத்தினத்தைச் சாவியாக்கி, சாவியால் பெட்டியைத் திறக்க வைக்கும்போது உண்மையில் எவ்வளவு செலவானது என்பது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய குழப்பத்துக்காக 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் நிறுவனத்தின் மீது 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் இரண்டு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே 2023 நவம்பர் 30 அன்று வந்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள் பொய்யான அவசரம் காட்டுவதையும் மறைமுகமாக விலையேற்றுவதையும் தடைசெய்கின்றன. 'இன்னும் 10 நிமிடம் மட்டுமே' என்று ஓடிய கடிகாரம் மறுநாளும் அதே பத்து நிமிடத்திலிருந்து ஓடினால், இரு நாளும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது சமரசம் பேசும், ஆணையிடாது. அங்கேயே மாதக்கணக்கில் நிற்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, கெடு இரண்டு ஆண்டுகள். நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். மனுவை வாங்கும் இடத்தில் "பெங்களூருக்குப் போங்கள்" என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34 என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.