கனகாம்பரத்தின் நோய் வேரில் இருக்கிறது

என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இலையைத்தான் கொண்டுவருகிறார்கள். வெளிறிய இலை, ஓரம் காய்ந்த இலை, அதுவும் இல்லையென்றால் கைப்பேசியில் எடுத்த இலையின் படம். திண்டுக்கல் பக்கம் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். கனகாம்பரம் சாகிறது என்று வந்தவர்களில் வேரையும் எடுத்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேரைப் பார்க்காமல் ஊற்றிய தண்ணீரும் தூவிய யூரியாவும் எத்தனை செடிகளை முடித்திருக்கின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சென்ற கோடையில் வயதான அம்மா ஒருவர் வந்தார். மொட்டை மாடியில் பதினைந்து தொட்டிகளில் டெல்லி கனகாம்பரம் வைத்திருக்கிறார். முதல் செடி அவருடைய தாயார் வீட்டிலிருந்து வந்ததாம். “தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன் தம்பி. இருந்தும் மதியம் ஆனால் தலை தொங்கிவிடுகிறது. சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. கதிரும் வரவரக் குட்டையாகிக்கொண்டே போகிறது” என்றார். அவர் சொன்ன மூன்று அறிகுறிகளே எனக்குப் போதும். அடுத்த முறை வரும்போது ஒரு செடியை மண்ணோடு எடுத்து வரச் சொன்னேன். வாளித் தண்ணீரில் வேர்க்கட்டியை மெல்ல அலசினோம். சல்லி வேர் முழுவதும் ஜவ்வரிசி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. “அவரைச் செடியிலும் இப்படித்தானே இருக்கும், நல்லதில்லையா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை வயல்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். அவரை, நிலக்கடலை போன்ற பயறு வகைச் செடிகளின் வேரில் இருக்கும் உருண்டைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேமிப்பவை. விரலால் தள்ளினால் வேரிலிருந்து தனியே உதிர்ந்துவிடும். கனகாம்பரம் பயறு வகை அல்ல. ஆடாதோடை, டிசம்பர் பூ எல்லாம் இதன் குடும்பம். இதன் வேரில் முடிச்சு இருந்தால் அது வேரே வீங்கிப்போன வீக்கம். தள்ளினால் உதிராது, வேர்தான் அறும். உள்ளே வேர் முடிச்சு நூற்புழு உட்கார்ந்திருக்கிறது.

மண்ணில் நடமாடும் இளம் நூற்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது, கண்ணுக்குத் தெரியாது. வேர் நுனி வழியே நுழைந்து ஓரிடத்தில் தங்கி, சுற்றியுள்ள செல்களைப் பெருக்க வைத்து, அவற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெண் புழு ஒன்று சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அப்படியானால் ஓராண்டு ஆன தொட்டியில் என்ன நிலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரேற்றும் குழாய்கள் நசுங்கிய வேர் மதிய வெயிலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கிறது. வெயில் தணிந்ததும் சமாளித்துக்கொள்கிறது. வாட்டத்தைப் பார்த்து நாம் மேலும் தண்ணீர் ஊற்றுகிறோம். புண்பட்ட வேரில், தேங்கிய ஈரத்தில், வாடல் நோய்ப் பூசணம் புகுந்துவிடுகிறது. ஒரு வாரத்தில் செடி சாய்ந்துவிடும். நூற்புழு மட்டும் என்றால் செடி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும். பூசணமும் சேர்ந்தால் நாட்கணக்குத்தான்.

முடிச்சே போடாத இன்னொரு நூற்புழுவும் உண்டு. அது வேருக்குள் துளைத்துக்கொண்டே நகரும். அலசிப் பார்த்தால் வேரில் பழுப்புக் கோடுகளும் கறுத்த திட்டுகளும் தெரியும், சல்லி வேர் குறைந்திருக்கும். ஆகவே முடிச்சு இல்லை என்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம்.

இலை மஞ்சளாவதெல்லாம் நூற்புழு என்று நான் சொல்லவில்லை. கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. காரத் தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளித்தால், இரண்டு மூன்று தெளிப்பில் கொழுந்து தெளிந்துவிடும். ஆனால் இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியின் கால் ஏக்கர் கனகாம்பரம் மஞ்சளாகி நின்றது. வரப்பில் நின்றபடியே அன்னபேதி தெளிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்து நான் போனபோது பாதி வயல் காய்ந்திருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இனி அந்த அம்மாவின் செடிக்கு வருவோம். டெல்லி கனகாம்பரம் மும்மடிய வகை, அதாவது செல்லில் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்டது. அதனால் விதை பிடிக்காது. சாதாரண ஆரஞ்சு, மஞ்சள் வகைகளில் காய் முற்றி, ஈரம் பட்டவுடன் படீரென்று வெடித்து விதை தெறிக்கும். காய்ந்த கதிரில் மெல்லிய துணியைக் கட்டி வைத்தால் விதை கிடைத்துவிடும், புதிய மண்ணில் புதிய செடி வரும். டெல்லிக்கு அந்த வழி இல்லை. ஆனாலும் வேர் முடிச்சு நூற்புழு வேரிலும் மண்ணிலும்தான் வாழ்கிறது, தண்டில் ஏறுவதில்லை. ஆகவே நோயுற்ற செடியிலிருந்தும் நோயற்ற செடியை எடுக்க முடியும். வாடாமல் நிற்கும் கிளைகளில், மண்ணைத் தொடாத நுனிப் போத்துகளை நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தென்னை நார்க் கழிவும் கழுவிய மணலும் கலந்த புதிய தட்டில் நிழலில் ஊன்றச் சொன்னேன். பழைய தொட்டி மண்ணில் ஒரு பிடிகூடச் சேர்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஊன்றியவற்றில் பாதிக்கு மேல் பிழைத்தன. தாயார் வீட்டுச் செடி அவர் மாடியில் இன்றும் பூக்கிறது.

பழைய மண்ணை என்ன செய்வது? பங்குனி, சித்திரை வெயில் நம்மிடம் இலவசமாக இருக்கிறது. மண்ணை ஈரமாக்கி, அரையடி உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஒளி புகும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாளைவிடக் கண்ணாடி போன்ற தாள்தான் மண்ணை நன்றாகச் சூடாக்கும். நோயுற்ற வேர்களை மட்கு உரக் குழியில் போடாமல், வெயிலில் காயவைத்து எரித்துவிட வேண்டும்.

தரையில் வளர்ப்பவர்கள் அந்த இடத்தில் உடனே கனகாம்பரத்தையே நடாமல், இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேரில் உள்ள ஒரு வேதிப்பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. மூலைக்கு ஒன்று என்று அழகுக்கு நட்டால் பயன் இல்லை, இடம் முழுக்க நெருக்கமாக இருக்க வேண்டும். நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். பழைய புத்தகங்களில் சொல்லியிருக்கும் குருணை மருந்துகளைத் தேடிப் போகாதீர்கள். அவற்றில் ஒன்றான ஃபோரேட் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. குழந்தைகள் விளையாடும் மாடியில், பறித்துத் தலையில் சூடும் பூவுக்கு, அத்தகைய நஞ்சு எந்த நிலையிலும் வேண்டாம்.

மற்றபடி கனகாம்பரம் அதிகம் கேட்காத செடி. முழங்காலுக்குச் சற்று மேலே வளரும், ஒரு சிறு தொட்டியில் அடங்கும், நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுக்கும். காலை வெயிலும் கோடை மதியத்தில் கொஞ்சம் நிழலும் போதும். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கட்டும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளையில் அடுத்த கதிர் வரும். கீழிருந்து மேலாக மலர்ந்து ஒரே கதிர் வாரக்கணக்கில் பூ தரும். மணம் இல்லாவிட்டாலும் மல்லிகையோடு சேர்த்துக் கட்டும்போது கடைசிவரை வாடாமல் நிற்பது இதுதான்.

நாற்று வாங்கும்போது பையைச் சரித்து, வேரைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வெள்ளையாக நூல்போல இருந்தால் வாங்கலாம். பை தரையில் பல மாதம் கிடந்து, வேர் அடித்துளை வழியே கீழ் மண்ணுக்குள் இறங்கியிருந்தால் எவ்வளவு பூத்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆலோசனைக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செத்துப்போன செடியின் வேரைக் கொண்டுவராதீர்கள். உண்ண எதுவும் இல்லாத வேரை நூற்புழு விட்டுப் போயிருக்கும். அதன் பக்கத்தில் இப்போதுதான் வாடத் தொடங்கியிருக்கும் செடியின் சல்லி வேரில் ஒரு பிடியும், அதைச் சுற்றிய மண்ணில் இரண்டு பிடியும் எடுத்து, பிளாஸ்டிக் பையில் ஈரம் காயாமல் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள்.