மருந்துக்குக் கேட்காத கிருமி

போன வாரம் டிவியில் செய்தி வாசித்தவர், "ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு சக்தி வேகமாக அதிகரித்து வருகிறது" என்றார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே, "அதிகமானா நல்லதுதானேடா?" என்றார்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. 2020-லிருந்து கபசுரக் குடிநீர், மஞ்சள் பால், நெல்லிக்காய்ச் சாறு என்று எதிர்ப்பு சக்திக்காகவே குடித்துத் தீர்த்தவர். அவருக்கு அது உடம்பின் சொத்து. செய்தி சொன்னதோ கிருமியின் சொத்தைப் பற்றி: ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்பதை.

'ஆன்டிபயாட்டிக்' என்ற மூலச் சொல்லைச் சட்டென்று முடித்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஆன்டி' எதிர், 'பயோஸ்' உயிர். 1940-களில் இதை மருந்துக்குப் பெயராக நிலைநிறுத்தியவர் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் அவருடைய ஆய்வகத்தில் பிறந்தது. தமிழில் 'எதிருயிரி' என்கிறார்கள். அதில் மருந்தே ஓர் உயிராகிவிடுகிறது. 'நுண்ணுயிர்க்கொல்லி' பரவாயில்லை. டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கின்றன என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும்.

என் வழக்கு அடுத்த சொல்லோடுதான். நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கான விழிப்புணர்வு வாரம் வந்தால் 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். இந்தி எதிர்ப்பு என்றால் இந்தியை எதிர்ப்பது. மது எதிர்ப்பு என்றால் மதுவை எதிர்ப்பது. அப்படியானால் நுண்ணுயிர் எதிர்ப்பு? நுண்ணுயிரை எதிர்ப்பது! சொல்ல வந்ததற்கு நேர் தலைகீழ். 'மக்கள் எதிர்ப்பு' என்றால் மக்கள்தானே எதிர்க்கிறார்கள் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் கிருமி என்றாலே நாம் எதிர்க்கிற பொருள். சோப்பு விளம்பரம்கூட அதைத்தான் சொல்கிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்று ('எதிர்ப்பி' என்றால் மருந்தாம்) எழுதுகிறவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருப்பாரா? இன்னும் சிலர் 'சக்தி'யை நீக்கி 'எதிர்ப்பாற்றல்' ஆக்கினார்கள். வடசொல் போனது, தவறு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

குழப்பம் தமிழோடு நிற்கவில்லை. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் கேட்டபோது, நூற்றுக்கு 76 பேர் உடம்புதான் மருந்துக்குப் பழகி அதை எதிர்க்கிறது என்றே நம்பினார்கள். 'நான் மாத்திரை சாப்பிடுவதில்லை, எனக்கென்ன' என்ற தெம்பு அங்கிருந்து வருகிறது. உண்மையில் மருந்துக்குத் தப்பிய கிருமிதான் பெருகுகிறது. தப்பும் வித்தையை மரபணுவாகப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றுகிறது. மாத்திரையே தொடாதவருக்கும் அது தொற்றும். 2019-ல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரின் சாவுக்கு இது நேரடிக் காரணம் என்கிறது லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு.

எழுத்துக்கு 'மருந்தெதிர்ப்பு' போதும். மருந்தை எதிர்ப்பது, தொகைச்சொல்லை விரித்தாலும் பொருள் மாறாது. தடுப்பூசி வேண்டாம் என்பவர்களோடு குழம்பும் இடத்தில் 'கிருமியின் மருந்தெதிர்ப்பு' என்று எழுதிக்கொள்ளலாம். பேச்சுக்கு இதுகூட வேண்டாம். "காய்ச்சல் மருந்துக்குக் கேட்கலை" என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோமே! மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுகிற நேரத்தில் மருந்துக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றிருந்தால் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும்.

அத்தையிடம் அப்படியே சொன்னேன். "மருந்துக்குக் கேட்காத கிருமி பெருகுதாம் அத்தை."

பூண்டைக் கீழே வைத்தார். எழுந்துபோய் பிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட ஓர் அட்டையை எடுத்துவந்தார். போன மழைக்காலத்து அசித்ரோமைசின், ஐந்தில் இரண்டு மிச்சம்.

"அப்போ இதை நான் முடிச்சிருக்கணுமா?"