கன்ட்ரோலர் உரிமம்: விதி என்ன கேட்கிறது?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் (கன்ட்ரோலர்) ஆக வேண்டும் என்றால் என்ன படிக்க வேண்டும்? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். சர்வதேச விதியிலோ அதற்குப் பதிலே கிடையாது. பட்டம், மதிப்பெண், நுழைவுத் தேர்வு எல்லாம் அந்தந்த நாடு முடிவு செய்பவை. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் இணைப்பு (Annex 1) வேறு விஷயங்களைக் கேட்கிறது: வயது, உடல்நிலை, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, மொழித்திறன், மேற்பார்வையில் செய்த வேலை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவில் (ICAO) உள்ள 193 நாடுகளும் இதை அடிப்படையாக வைத்துத்தான் தங்கள் சட்டத்தை எழுதிக்கொள்கின்றன. எங்கேனும் மாறுபட்டால், அதை ஐகாவோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே உங்கள் நாட்டு விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

உரிமம் பெறக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம். வான்சட்டம், வானிலை, வழிசெலுத்தல், கருவிகள், செயல்முறைகள், மனிதச் செயல்திறன் ஆகியவை பாடங்கள். வகுப்பும் சிமுலேட்டரும் முடிந்தபின் உண்மையான போக்குவரத்து. உரிமம் உள்ள ஒரு கன்ட்ரோலர் பக்கத்தில் இருந்து கவனிக்க, குறைந்தது மூன்று மாதம் திருப்திகரமாக வேலை செய்து காட்ட வேண்டும். சிமுலேட்டரில் நன்றாகச் செய்தவர்கள் சிலர் திணறுவது இங்கேதான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. உரிமம் மட்டும் கையில் இருந்தால் எந்த நாற்காலியிலும் உட்கார முடியாது. அந்த வேலைக்குரிய ரேட்டிங், அதாவது உரிமத்தோடு சேரும் தனித் தகுதி, வேண்டும். ரேட்டிங் ஆறு வகை. ஓடுபாதையையும் அதைச் சுற்றியுள்ள விமானங்களையும் பார்க்கும் ஏரோட்ரோம் ரேட்டிங்குக்கு மேற்பார்வையில் 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், இரண்டில் எது அதிகமோ அது. இறங்க வரும், கிளம்பிப் போகும் விமானங்களுக்கான அப்ரோச், நெடுந்தூரப் பாதைகளுக்கான ஏரியா ஆகியவற்றுக்கு 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம், இதிலும் எது அதிகமோ அது. இந்த இரண்டிலும் ரேடார் போன்ற கண்காணிப்புத் திரையுடன் செய்வது ஒரு ரேட்டிங், திரையில்லாமல் விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும் வைத்துச் செய்வது இன்னொரு ரேட்டிங். இறங்கும் விமானத்தை ரேடார் பார்த்து வழிநடத்துவதற்கான ஆறாவது, துல்லிய ரேடார் ரேட்டிங்குக்கு மணிக்கணக்கே இல்லை. 200 இறக்கங்களை வழிநடத்தியிருக்க வேண்டும், அதில் சிமுலேட்டரில் செய்தது 100-ஐத் தாண்டக்கூடாது.

மணி, மாதக் கணக்கில் சொன்ன அனுபவத்தை எந்த நிலையத்துக்கு ரேட்டிங் கேட்கிறோமோ அங்கேயே பெற வேண்டும். வேறு விமான நிலையத்துக்கு மாற்றலாகிப் போனால், பத்து வருட அனுபவசாலியும் அந்த இடத்தின் ஓடுபாதை, வான்பாதை, நடைமுறைகளை முதலிலிருந்து கற்று, மறுபடி மேற்பார்வையில் உட்கார வேண்டியதுதான். வேலையை விட்டு விலகியிருந்தாலும் ரேட்டிங் காலாவதியாகும்; எவ்வளவு காலத்தில் என்பதை அந்த நாட்டு அதிகாரி முடிவு செய்வார், ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தர முடியாது. கடுமையாகத் தோன்றினாலும் எனக்கு இது நியாயமான விதியாகவே படுகிறது.

கன்ட்ரோலருக்கு வேண்டிய மருத்துவச் சான்று ‘மூன்றாம் வகுப்பு’ (Class 3) எனப்படுவது. அது இல்லாத பயிற்சியாளரை உண்மையான போக்குவரத்தில் பழக்கவே கூடாது என்கிறது விதி. கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை: ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வை இருந்தால் போதும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். வேலைக்குத் தேவையான நிறங்களைப் பிரித்தறிய முடிய வேண்டும். காதுக்கும் அளவு உண்டு. சான்று 48 மாதம் செல்லும். 40 வயதைத் தாண்டினால் 24 மாதம். பயிற்சிக் கட்டணம் கட்டும் முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறப்பார்வைக் குறை இருப்பது பலருக்குப் பரிசோதனை செய்யும்வரை தெரிவதில்லை.

விமானிகளிடம் ரேடியோவில் பேசும் மொழித்திறனுக்கு ஆறு நிலைகள். நான்காவதாவது இருக்க வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என ஆறு கூறுகளில் எதில் குறைவோ அதுவே உங்கள் நிலை. ஐந்தில் நன்றாகச் செய்து ஒன்றில் சறுக்கினால் சறுக்கியதுதான் கணக்கு. நான்காம் நிலைக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஐந்தாம் நிலைக்காரர் ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுபடி தேர்வு எழுதும்படி ஐகாவோ பரிந்துரைக்கிறது. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை.

இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு 1977 மார்ச் 27-ல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் நடந்ததைச் சொல்லலாம். கிளம்பியபின் செல்ல வேண்டிய வழியைக் கன்ட்ரோலர் சொன்னார்; அந்த வாக்கியத்தில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லும் இருந்தது. புறப்பட அனுமதி வராமலே விமானி புறப்பட்டுவிட்டார். ஓடுபாதையில் இன்னொரு விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். இன்று பயிற்சியில் அந்தச் சொல்லைப் புறப்பட அனுமதி தரவும் அந்த அனுமதியை ரத்து செய்யவும் மட்டுமே சொல்லப் பழக்குகிறார்கள். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’தான்.

இன்னொன்று. பயிற்சி அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்வது உங்கள் நாட்டு உரிம அதிகாரி தரும் அங்கீகாரத்தை. சேரும் முன் எந்த ரேட்டிங்குக்கான பயிற்சி, மேற்பார்வையில் வேலை பழக எந்த நிலையம் இடம் கொடுக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அந்தப் படிப்பு உங்களை சிமுலேட்டர் வரைக்கும்தான் கொண்டுபோய்விடும்.