சுவிட்ச் போர்டை அலங்கரியுங்கள், பிளக் பாயின்ட்டை மூடிவிடாதீர்கள்

சுவரில் படம் வரைகிற ஆசை இப்போது சுவிட்ச் போர்டு வரைக்கும் வந்துவிட்டது. வெள்ளை பிளேட்டில் வார்லி ஓவிய மனிதர்கள், சுற்றிலும் புள்ளிக் கோலம், சமையலறைப் போர்டில் வாழையிலை, பிள்ளைகள் அறையில் யானை. வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் இதையெல்லாம் பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இதில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. போர்டில் கோளாறு ஏதாவது வந்தால் முதல் அடையாளம் பெரும்பாலும் அதன் முகத்தில்தான் தெரியும். அதை ஸ்டிக்கரால் மூடிவிட்டால் உள்ளே நடப்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு வீட்டில் கீசர் சரியாக வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த 16 ஆம்பியர் போர்டு முழுக்கப் பூ போட்ட வினைல் ஸ்டிக்கர், துளைகளுக்கு மட்டும் கத்தியால் வெட்டி வழி விட்டிருந்தார்கள். ஸ்டிக்கரை உரித்தபோது, வலது பக்கத் துளையைச் சுற்றி, அதாவது பேஸ் (கரன்ட் கொண்டுவருகிற வயர்) வருகிற பக்கத்தில், பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாகக் குழிந்திருந்தது. உள்ளே வயரைப் பிடித்திருக்கும் டெர்மினல் ஸ்குரூ தளர்ந்து கிடந்தது. 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரன்ட் தளர்ந்த இணைப்பு வழியாகப் போனால் அந்த இடம் சூடாகும், சூட்டில் இணைப்பு இன்னும் தளரும். வெள்ளை பிளேட்டாக இருந்திருந்தால் மஞ்சள் தட்ட ஆரம்பித்த அன்றைக்கே யார் கண்ணிலாவது பட்டிருக்கும். கருகிய மீன் மாதிரி ஒரு வாடை அவ்வப்போது வந்ததாக அந்த வீட்டு அம்மா சொன்னார். அது உள்ளே பிளாஸ்டிக் சூடேறுகிற வாடை.

அதனால் கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் மாட்டுகிற 16 ஆம்பியர் பாயின்ட்டுகளை மட்டும் வெறுமையாகவே விட்டுவிடுங்கள். அழகு வேண்டுமென்றால் சுற்றியுள்ள சுவரில் வரையுங்கள். வெளிச்சத்துக்கும் ஃபேனுக்கும் உள்ள போர்டுகளில் தாராளமாகக் கைவண்ணம் காட்டலாம்.

ஆனால் எந்த வகைப் போர்டு என்று முதலில் பாருங்கள். இப்போதைய வீடுகளில் பெரும்பாலும் மாடுலர் போர்டுதான். அதில் வெளிப்பிளேட் தனி, சுவிட்சுகளைப் பிடித்திருக்கும் உள்சட்டம் தனி. பிளேட்டின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், அங்கே தட்டையான ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பினால் பிளேட் மட்டும் கழன்று வரும். பழைய வீடுகளில் மரப்பெட்டியின் மேல் சன்மைக்கா ஷீட், அதில் பியானோ சுவிட்ச். அங்கே சுவிட்சுகள் அந்த ஷீட்டிலேயே முடுக்கப்பட்டிருக்கும். நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் ஷீட்டோடு சேர்ந்து வயர்கள், திறந்த டெர்மினல்கள் எல்லாம் கையில் வரும். அதை நீங்களாகக் கழற்றவே வேண்டாம். மரச்சட்டத்தின் ஓரத்திலும் சுவரிலும் வரைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாடுலர் போர்டுக்கு நான் எல்லோரிடமும் சொல்கிற வழி ஒன்று உண்டு. அதே கம்பெனி, அதே அளவில் இன்னொரு பிளேட் வாங்கிவிடுங்கள். 2, 4, 6, 8, 12 என மாடுல் கணக்கில் (சாதாரணச் சுவிட்ச் ஒன்றின் இடம் ஒரு மாடுல்) கடையில் தனியாகவே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதை மேஜையில் வைத்து நிதானமாக வரைந்து, காயவிட்டு, அப்புறம் மாட்டுங்கள். சுவரில் இருக்கும் போர்டில் ஈரத் தூரிகையை வைக்கிற வேலையே வராது. பழைய பிளேட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், அலுத்துப்போகும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பிளேட்டைக் கழற்றுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யச் சொன்னால் எல்லோரும் செய்துவிடுகிறார்கள். நம் ஊரில் தவறுவது இன்வெர்ட்டரில். மெயினை இறக்கினால் மின்தடை என்று நினைத்து இன்வெர்ட்டர் தானாகவே கரன்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். லைட்டும் ஃபேனும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும், நாம் அலங்கரிக்க நினைப்பதும் அதே போர்டுகளைத்தான். சரி, இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தால் போதுமா என்றால் அதுவும் போதாது, மெயின் கரன்ட் அதன் வழியாக அப்படியே கடந்து வரும். இரண்டும் ஆஃபாக இருக்க வேண்டும். போர்டிலுள்ள சுவிட்சுகளை அணைத்து வைப்பது இதில் கணக்கே இல்லை. சுவிட்ச் வரைக்கும் பேஸ் எப்போதும் வந்து காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் டெஸ்டர். முதலில், எதையும் அணைப்பதற்கு முன்னால், கரன்ட் இருக்கும் ஒரு பிளக்கின் வலது துளையில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். அதன் தலையில் உள்ள உலோகக் குமிழில் விரல் படாவிட்டால் எரியாது. பட்டப்பகல் வெளிச்சத்தில் எரிவது கண்ணுக்குத் தெரியாமலும் போகும், கையால் மறைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றால் மங்கலாகத்தான் எரியும். டெஸ்டர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அது எரியவில்லை என்பதை நம்பலாம். இதிலெல்லாம் சந்தேகம் இருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

வண்ணத்துக்கு வருகிறேன். மாடுலர் பிளேட்டுகளில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் இவையெல்லாம் அதற்கு ஆகாது. தலைமுடி போன்ற விரிசல் விட்டு, கொக்கிப் பக்கம் ஒருநாள் உடையும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் போதும். 400 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். சுவிட்ச் நுழைகிற ஓட்டையின் உள்விளிம்பில் வண்ணம் தடிக்க விடாதீர்கள். சுவிட்ச் அங்கே உரசிப் பாதியில் நின்றால் உள்ளே காண்டாக்ட் சரியாகச் சேராமல் பொறி பறக்கும். சுவிட்சின் மேலும் பிளக் துளையிலும் வண்ணமே வேண்டாம். பல பிளக்குகளில் பிள்ளைகள் எதையும் நுழைக்க முடியாதபடி உள்ளே மூடி ஒன்று இருக்கிறது, பசையோ வண்ணமோ இறங்கினால் அது ஒட்டிக்கொள்ளும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது ஜரிகை லேஸ். பழைய பட்டுப்புடவையின் பார்டரை வெட்டி போர்டைச் சுற்றி ஒட்டுகிறார்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அந்த ஜரிகை நூல்மேல் சுற்றிய உலோகம். ஓரத்தில் பிரிந்த ஒரு இழை பிளக் துளைக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அலுமினியத் தாளும் உலோகத்தூள் கலந்த பெயின்ட்டும் அப்படித்தான். பித்தளை பிளேட் மாட்டுவதானால் அதற்கு எர்த் வயர் கட்டாயம் வேண்டும். பழைய மரப்பெட்டிகள் பலவற்றில் எர்த் இழுத்திருக்கவே மாட்டார்கள், அங்கே பித்தளையைத் தவிருங்கள். கம்பளி, ஃபெல்ட் துணி, பேப்பர் பூ இவற்றையும் போர்டில் ஒட்ட வேண்டாம். நல்ல பிளேட்டின் பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது. இவை அப்படியல்ல.

பிள்ளைகள் அறைக்குப் பொம்மைப் பிளேட் கேட்கிறவர்களிடம், அதைச் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் வையுங்கள் என்பேன். பிளக்குக்குப் பக்கத்தில் யானை சிரித்தால் தவழ்கிற பிள்ளை அங்கேதான் போகும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிந்தால் தானாகவே விழுந்து லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அலங்காரத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

ஆயுத பூஜைக்கு மீட்டர் பாக்ஸுக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் சுவிட்ச் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நம் வழக்கம். நானும் வைக்கிறேன். ஆனால் குழைத்த சந்தனம் ஈரமானது, சுவிட்ச் இடுக்கில் வழிந்தால் உள்ளே இறங்கும். பொட்டைப் பிளேட்டின் மேல் மூலையில், ஓட்டைகள் எதுவும் இல்லாத இடத்தில், கெட்டியாகக் குழைத்து வையுங்கள். ஈரக்கையை முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். பூச்சரத்தைப் போர்டின் ஸ்குரூவில் மாட்டாமல், சற்றுத் தள்ளி ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள்.