பட்டுப்போகாது என்பது வேறு, காய்க்கும் என்பது வேறு

சென்ற செவ்வாய்க்கிழமை செங்கம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவர். மழை பெய்தால் மணிலாக் கடலை, தவறினால் சாமை அல்லது கொள்ளு. மஞ்சள் பையிலிருந்து ஒரு வழவழப்பான பிரசுரத்தை எடுத்து மேசையில் விரித்து, மடிந்திருந்த மூலைகளை விரலால் நீவிவிட்டார். ‘டீசல் மரம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விதை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கலாமாம். ஒட்டுக்கட்டிய புங்கன் கன்று ஒன்று 180 ரூபாய், ஏக்கருக்கு 200 கன்று. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது. ஐந்தாம் ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு வருமானம்.

“மூன்று ஏக்கருக்கும் சேர்த்து 1,08,000 ரூபாய் ஆகிறது சார். வீட்டில் நகை இருக்கிறது, வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்” என்றார்.

இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த நான்காவது பிரசுரம் இது. இதற்கு மேலும் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்றால் இதே வாசகங்களை இருபது ஆண்டுகளுக்கு முன்பு நானே கிராமக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அப்போது செடியின் பெயர் காட்டாமணக்கு. 2003-இல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை வந்தது. 1.12 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு நட்டால், அதன் விதை எண்ணெயைப் பயோடீசலாக்கி 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்றது. 2005-இல் சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் உரையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமே இந்தச் செடியைக் குறிப்பிட்டார். நாங்கள் நம்பினோம். கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. இன்று அந்தப் பங்கு 85 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பணத்தில் ஒரு பங்கு மானாவாரி விவசாயியின் கைக்கு வரும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்த ஆசையில் இன்றைக்கும் தவறு காண மாட்டேன். செடியைப் பற்றி நாங்கள் சொன்னதுதான் தவறு.

எல்லாத் தவறும் ஒரே சொல்லில் தொடங்கியது: “வறட்சியைத் தாங்கும்.” இந்தச் சொல்லை இன்று கேட்டாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தாங்கும், உண்மைதான். காட்டாமணக்கு மழையில்லாவிட்டால் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்து வைத்த ஈரத்தில் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். மழை வந்ததும் துளிர்க்கும். அதைப் பார்த்துத்தான் ‘தண்ணீரே வேண்டாத செடி’ என்றோம். ஆனால் இலை இல்லாத செடி எதை வைத்து விதையை நிரப்பும்? ஒரு செடிக்கு மிகவும் செலவு பிடிக்கிற வேலைகளில் ஒன்று எண்ணெய் சேர்ப்பது. இலை வேண்டும், வெயில் வேண்டும், வேரில் ஈரம் வேண்டும், மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் செடி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும், காயை விட்டுவிடும். வேலியோரம் நிற்கும் காட்டாமணக்கை உற்றுப் பாருங்கள். ஒரு பெண் பூவுக்கு இருபதுக்கும் மேல் ஆண் பூக்கள் இருக்கும். கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காயாவது அந்த ஒரு சில பெண் பூக்கள்தான்.

பட்டுப்போகாது என்பது வேறு, காய்க்கும் என்பது வேறு. பட்டுப்போகாத செடியைக் காட்டிக் காய்க்கும் செடியின் விலையைச் சொல்கிறார்கள். தென்னையைப் பற்றி இப்படி யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? தண்ணீர் காட்டாத தென்னையும் பல காலம் நிற்கும். ஆனால் அதில் தேங்காயை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நிலக்கடலைக்கு எத்தனை மழை வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று எனக்கே பாடம் சொல்லும் விவசாயி, டீசல் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தனையையும் மறந்துவிடுகிறார்.

ஒட்டு ரகம், உயர் ரகம் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பல ஆண்டுகள் உழைத்து ஆமணக்கில் வீரிய ஒட்டு ரகம் கொடுத்தார்கள். காட்டாமணக்குக்கு அப்படி எதுவும் கையில் இல்லாதபோதே நட்டோம். புதரில் பொறுக்கிய விதையைத்தான் நாற்றாக்கிக் கொடுத்தோம். (பெயரால் இன்னொரு குழப்பமும் நடந்தது. ஏரிக்கரையில் ஊதா நிறத்தில் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு குடும்பம், அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அதன் குச்சிகளை ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்து ‘இதை நடலாமா’ என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

2008-இல் போளூர் அருகே ஒரு விவசாயியின் காட்டாமணக்குத் தோட்டத்தில் எடை போட்டேன். மூன்றாம் ஆண்டுச் செடி, 2 ஏக்கர், கோடையில் இரண்டு தண்ணீரும் பாய்ச்சியிருந்தார். அந்த ஆண்டு முழுவதற்கும் 310 கிலோ விதை. கிலோ 5 ரூபாய் என்று 1,550 ரூபாய். காய்கள் ஒன்றாகப் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கறுப்பும் இருக்கும். ஐந்து முறை ஆள் விட்டுப் பறித்திருந்தார். பறிகூலியே விதை விலையைத் தாண்டிவிட்டது. தராசுப் படியைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்.

இது ஒரு தோட்டத்தின் கதை மட்டும் இல்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் வசதி இருப்பவருக்கே ஓரளவாவது சாத்தியம், ஏழை விவசாயிகளை இந்தப் பயிர் மேலும் ஏழையாக்குகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். கடல் தாண்டியும் அதே கதைதான். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் கானாவிலும் ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எடுத்தார்கள். 2007-இல் பிபி என்ற பெரிய எண்ணெய் நிறுவனம் காட்டாமணக்குக் கூட்டுத் தொழிலில் இறங்கி, 2009-இல் வெளியேறிவிட்டது. பெரிய நிறுவனத்துக்கு இது கணக்கில் எழுதிக் கழிக்கிற நஷ்டம். மூன்று ஏக்கர்காரருக்கு அப்படிக் கழிக்கக் கணக்கு எங்கே இருக்கிறது?

‘தரிசு நிலத்தில்தானே நடுகிறோம், அதில் யாருக்கு என்ன நஷ்டம்’ என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து ஒரு முறை வந்து பாருங்கள். பதிவேட்டில் தரிசு என்று எழுதிய நிலத்தில் காலையில் வெள்ளாடு மேயும், மாலையில் பெண்கள் சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுமந்து போவார்கள். அந்த விறகுதான் செங்கல் சூளைக்கும் டீக்கடைக்கும் போகிறது. தென் தமிழகத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், காட்டாமணக்கு தரக்கூடிய ஆற்றலைவிட அந்தக் கருவேல விறகு ஏற்கெனவே தந்துகொண்டிருக்கும் ஆற்றல் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நானும் கருவேலத்தை விரும்புகிறவன் இல்லை. ஆனால் ஒருவருடைய அடுப்பைப் பிடுங்கிவிட்டு அதற்கு எரிபொருள் திட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது.

அரசின் 2018 கொள்கையில் பயோடீசல் இலக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது. கவனம், கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் எத்தனால் பக்கம் போனது. பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பை 2025-இல் எட்டியும்விட்டார்கள். கரும்பு ஆலைக்குப் பணம் வந்தது, மக்காச்சோளத்துக்கு விலை வந்தது. அது நல்லதுதான். ஆனால் ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்தது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களிடம் தீவன விலையைக் கேட்டுப் பாருங்கள், மீதியை அவர்கள் சொல்வார்கள்.

உயிரி எரிபொருளே வேண்டாம் என்பவனாக என்னை நினைக்க வேண்டாம். சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலையையே ஓட்டுகிறார்கள். முன்பு அந்தத் தண்ணீர் ஓடையில் நாறிக்கொண்டு ஓடியது. உணவகங்களில் திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியது. அந்த எண்ணெய் மறுபடி பஜ்ஜிக் கடைக்குப் போகாமல் இருப்பதே பெரிய புண்ணியம். சாணம், கோழி எச்சம், கரும்பாலைச் சக்கை அழுக்கு என்று ஏற்கெனவே குவிந்து கிடப்பதிலிருந்து எடுக்கும்போது எவருடைய வயலும் தண்ணீரும் பறிபோவதில்லை. புங்கனும் நல்ல மரம்தான். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும், பிண்ணாக்கு நல்ல உரம். வரப்பில் இருபது கன்று நடுங்கள். நர்சரியில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். சோறு போடும் வயலை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பிரசுரம் கொண்டு வருபவரிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு விதை கொள்முதல் செய்த ஒரு விவசாயியின் ஊரையும் பெயரையும் கேளுங்கள். ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கொள்முதல் விலை ஒப்பந்தத்தில் எண்ணால் எழுதியிருக்கிறதா? ‘சந்தை விலை’ என்று எழுதியிருந்தால், இல்லாத சந்தைக்கு ஏது விலை? நிறுவனத்தை மூடிவிட்டால் கடன் யார் பெயரில் நிற்கும்? பட்டாவையும் சிட்டாவையும் அசலாகக் கையில் கொடுக்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிற நிலத்தை இதற்குக் கேட்டால், மானாவாரியில் காய்க்காது என்று அவர்களுக்கே தெரிகிறது என்று பொருள்.

பழைய காட்டாமணக்குத் தோட்டங்கள் வேலியாகவும் புதராகவும் இன்னும் நிற்கின்றன. அந்தக் கொட்டை வேர்க்கடலை போலவே இனிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்கு வருவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கொட்டையையும் ஒன்று கையில் எடுத்துப் போங்கள். வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள், அதுவும் விஷம். ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்தில் இந்தச் செடி இருந்தால் இந்த வாரமே வெட்டிவிடுங்கள்.

செங்கத்துக்காரர் இன்னும் முடிவு செய்யவில்லை. நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரைப் போளூருக்கு அழைத்துப் போகிறேன். அன்று எனக்கு மோர் கொடுத்த பெரியவர் இருக்கிறார். செடிகளைப் பொக்லைன் வைத்துப் பிடுங்க அவர் கொடுத்த வாடகைச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறாராம். போனில் பேசினேன். “கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்” என்றார்.